மூன்று சென்சார்களும் ஒரு கேபிள் டையும்

மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு மூன்றாம் முறையாக எரிந்தபோது, நான் மலேசியாவின் பினாங்குப் பாலத்தின் நடுவில், தீவை நோக்கிச் செல்லும் பக்கத்தில், பின்தட்டில் ஏணியும் நான்கு சுருள் மின்கம்பியும் இரண்டு பெட்டி அலங்கார விளக்குகளுமாக நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். 2024 அக்டோபர் நடுப்பகுதி; தீபாவளிக்கு இரண்டு வாரமே இருந்தது. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. விளக்கு எரிந்த சில நொடிகளில் வண்டி சோர்ந்துபோனது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. எஞ்சினைக் காப்பதற்காகக் கணினி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை அது என்பது எனக்கு அதற்குள் நன்றாகவே பழகிப்போயிருந்தது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் மீதித் தூரத்தை, பாரம் ஏற்றிய லாரிகள்கூட என்னை முந்திக்கொண்டு போக, இடது ஓரமாகவே கடந்து முடித்தேன்.

பத்து மாதங்களில் இது மூன்றாம் முறை. மூன்று முறையும் குற்றவாளியாகக் காட்டப்பட்டது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு சென்சார். அதை மாற்றினால் வண்டி சில மாதங்கள் ஒழுங்காக ஓடும். பிறகு அதே விளக்கு, அதே சோர்வு, அதே செலவு. இந்தப் பதிவை எழுதக் காரணம், இதே தொல்லையில் இருக்கும் வேறு யாராவது நான்காவது சென்சாரை வாங்குவதற்கு முன் இதைப் படிக்கக்கூடும் என்பதுதான்.

நான் புக்கிட் மெர்தாஜாமில் வசிக்கும் வயர்மேன். வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்கம்பி இழுப்பது, சுவிட்ச் பெட்டி மாற்றுவது, தீபாவளி, தைப்பூச நாட்களில் கோயில்களுக்கு விளக்கலங்காரம் செய்வது ஆகியவை என் தொழில். வண்டி நான்கு கதவுள்ள டீசல் பிக்கப். 112,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் இரண்டாம் கையாக வாங்கியது. எந்த நிறுவனத்தின் வண்டி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நடந்ததில் தயாரிப்பாளரின் தவறு எதுவும் இல்லை. என் ஓட்டம் பெரும்பாலும் குறுகிய ஓட்டம் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து செபராங் ஜெயா, அங்கிருந்து பிறை, பிறகு பொருள் வாங்க ஒரு கடை என்று ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடியும் எடுப்பது என் அன்றாடம். தீவுக்கு வாரத்தில் இரண்டு நாள் போவேன்.

அந்தச் சென்சார் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது. இப்போதைய டீசல் வண்டிகள் பலவற்றில், எல்லாவற்றிலும் அல்ல, எஞ்சினிலிருந்து வரும் புகையை வடிகட்டும் ஒரு பீங்கான் தேன்கூடு உண்டு. பட்டறைகளில் அதை டிபிஎஃப் என்பார்கள். அதன் நுண்ணிய கண்ணறைகள் ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர் முனைகளில் அடைக்கப்பட்டிருப்பதால், புகை சுவர்களின் ஊடாகக் கசிந்துதான் வெளியேற முடியும்; கரி உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கரி அளவு மீறினால் புகை வெளியேறத் தடுமாறும். ஆகவே கணினி அவ்வப்போது கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்தி, கரியை எரித்து வாயுவாக வெளியேற்றும். எப்போது எரிக்க வேண்டும் என்பதை அறிய அதற்கு ஒரு கண் தேவை. அந்தக் கண்தான் இந்தச் சென்சார். வடிகட்டிக்கு முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என இரண்டு மெல்லிய குழாய்கள் அதற்கு வருகின்றன. நடுவில் ஒரு சிலிக்கன் சவ்வு. இரு பக்க அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டால் சவ்வு வளைகிறது. அந்த வளைவு மின்னழுத்தமாகக் கணினிக்குப் போகிறது. வேறுபாடு கூடினால் கரி கூடியிருக்கிறது என்று பொருள்.

முதல் முறை விளக்கு எரிந்தது 2023 டிசம்பரில். வீட்டருகே உள்ள ஒரு பட்டறையில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி2454 என்ற குறியீடு வந்தது. சென்சாரின் மின்சுற்றில் சமிக்ஞை மிகக் குறைவு என்பது அதன் பொருள். வண்டி அப்போது 138,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அத்தனை வருடம் வெப்பத்திலும் அதிர்விலும் இருந்த ஒரு மின்பொருள் செத்துப்போவதில் வியப்பில்லை. 190 வெள்ளிக்கு (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மாற்றுத் தயாரிப்பு ஒன்றைப் போட்டார்கள். பழையதைக் கழற்றும்போது அதைத் தாங்கியிருந்த போல்ட் துருவேறி முறிந்துபோனதால், வேறு விதமாகக் கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. நானும் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

2024 மே மாதம் மறுபடியும் விளக்கு. மாற்றுத் தயாரிப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மலிவான சுவிட்சு போட்டால் ஆறு மாதத்தில் கருகும் என்று வாடிக்கையாளரிடம் நானே சொல்பவன் ஆயிற்றே. எனவே இம்முறை அசல் சென்சாரை 680 வெள்ளிக்கு வாங்கி, வேறொரு பட்டறையில் கொடுத்துப் பொருத்தினேன். அவர்கள் பழையது இருந்த இடத்திலேயே, இருந்த விதத்திலேயே புதியதை வைத்தார்கள். அடுத்த மாதம் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. சென்சார் போனதால் நேர்ந்த செலவு அந்தக் கவலையில் மறந்தே போயிற்று.

அந்த அசல் சென்சாரும் ஐந்தே மாதத்தில் பாலத்தின் நடுவில் கைவிட்டது.

மூன்றாம் முறை நான் போன பட்டறையில் பேச்சு வேறு திசையில் போனது. “சென்சார் ரோசாக், போஸ்” (கெட்டுப்போச்சு, முதலாளி) என்று தொடங்கியவர், இந்த வடிகட்டி இருக்கும்வரை தொல்லை தீராது, உள்ளே இருக்கும் தேன்கூட்டை உடைத்து எடுத்துவிட்டுக் கணினியில் அதற்கான பகுதியை அழித்துவிடலாம், ஒரே நாள் வேலை என்றார். இப்படிச் செய்தவர்கள் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும். வண்டி இலேசாக இழுக்கும், டீசலும் கொஞ்சம் மிஞ்சும் என்று சொல்வார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1996-இல் வந்த டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் புகையின் அடர்த்திக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்ற வரம்பை வைத்திருக்கின்றன. சாலையோரச் சோதனையில் மாட்டினால் அபராதம். உண்மையைச் சொன்னால் என்னைத் தடுத்தது அபராதம் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. நாள்தோறும் காலையில் தமிழ்ப்பள்ளி வாசலில், பிள்ளைகள் இறங்கும் இடத்தில், எஞ்சினை அணைக்காமல் காத்து நிற்பவன் நான். வடிகட்டியை உடைத்தெறிந்துவிட்டு அங்கே போய் நிற்க என்னால் முடியாது. அதுமட்டுமல்ல, நோய் என்னவென்று கண்டுபிடிக்காமல் உறுப்பை வெட்டி எடுப்பது எந்தத் தொழிலில் ஒழுங்கான வேலை?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான், முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய ஒன்று தோன்றியது. 190 வெள்ளிச் சென்சாரும் 680 வெள்ளிச் சென்சாரும் ஒரே அளவாக ஐந்து மாதம்தான் உழைத்திருக்கின்றன. பொருளின் தரம் காரணமாக இருந்தால் இரண்டின் ஆயுளும் வேறுபட்டிருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரே சாக்கெட்டில் மாட்டிய இரண்டு வெவ்வேறு மின்விசிறிகள் அடுத்தடுத்துக் கருகினால் நான் மின்விசிறியைக் குறை சொல்லமாட்டேன். சாக்கெட்டைத் திறந்து பார்ப்பேன். என் வண்டிக்கு மட்டும் அந்தப் புத்தியைப் பயன்படுத்தவில்லை.

பட்டறைகள் கொடுத்த சீட்டுகளைத் தேடி எடுத்தேன். இன்னொரு வேறுபாடும் அதில் இருந்தது. முதல் முறை வந்தது பி2454. இரண்டாம், மூன்றாம் முறைகளில் வந்தது பி2453. பட்டறைக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், சென்சாரை மாற்று என்பதே இரண்டுக்கும் மருந்து. ஆனால் பி2454 என்பது மின்சுற்றைப் பற்றிய புகார். சமிக்ஞையே சரியாக வரவில்லை என்பது. பி2453 அப்படியல்ல. சமிக்ஞை வருகிறது, ஆனால் அது சொல்வது நம்பும்படியாக இல்லை என்கிறது கணினி. உதாரணமாக, எஞ்சின் அணைந்திருக்கும்போது வடிகட்டியின் இரு பக்கமும் வெறும் காற்றுதான். வேறுபாடு பூச்சியமாக இருக்க வேண்டும். அப்போதும் சென்சார் ஏதோ அழுத்தம் காட்டினால் கணினி சந்தேகப்படும். ஆக, முதல் சென்சார் முதுமையால் செத்தது. பின்னால் வந்த இரண்டும் வேறு ஏதோ காரணத்தால் பொய் சொல்ல ஆரம்பித்தன.

எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து தொடங்கினேன். சென்சாரின் இணைப்பானில் மூன்று கம்பிகள்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று தரை, மூன்றாவது சமிக்ஞை. 230 வோல்ட்டோடு பழகியவனுக்கு 5 வோல்ட் விளையாட்டுப் பொருள்போலத்தான் தெரியும், ஆனால் அங்கே 0.2 வோல்ட் வழி தவறினாலே கணக்கு மாறிவிடும். மல்டிமீட்டரின் ஊசிகளை இணைப்பானின் பின்பக்கமாகச் செருகிப் பார்த்தேன், 5.01 வோல்ட் வந்தது. தரைக்கம்பிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே எஞ்சின் ஓடும்போது 0.02 வோல்ட்டுக்குமேல் இல்லை. கம்பித் தொகுப்பை நீளம் முழுவதும் ஆட்டி அசைத்துப் பார்த்தேன், எண் துள்ளவில்லை. கம்பியில் குறையில்லை.

அடுத்த சந்தேகம் மழை. மூன்றாம் முறை மழைக்கு மறுநாள் காலையில் நடந்தது. இரண்டாம் முறையும் அப்படித்தான் என்று ஞாபகம். இணைப்பானுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று முடிவுகட்டி, அதைக் கழற்றி, தொடர்பு முனைகளைத் துடைத்து, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் மூன்று சுற்றுச் சுற்றினேன். பார்ப்பதற்கு மிகவும் திருப்தியாக இருந்தது. மறுநாள் காலை விளக்கு மறுபடியும் எரிந்தது.

தீபாவளி வேலை தலைக்குமேல் இருந்ததால் அதற்குப் பிறகு நான் செய்தது தவறான காரியம்தான்: வண்டியின் சோதனைத் துளையில் மாட்டும் ஒரு சிறு புளூடூத் கருவியை வாங்கி, கைபேசியிலிருந்தே ஒவ்வொரு காலையும் குறியீட்டை அழித்துவிட்டு வேலைக்குப் போனேன். இதை யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். சென்சாரை நம்ப முடியாதபோது கணினி கரி எரிப்பையும் நிறுத்திவைக்கும், அல்லது தொடங்கிப் பாதியில் கைவிடும். அதன் விளைவு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தக் கருவியால் ஒரு நன்மை விளைந்தது. அழுத்த வேறுபாட்டை எண்ணாகவே கைபேசியில் பார்க்க முடிந்தது. காலையில், எஞ்சினைத் தொடங்காமல் சாவியை மட்டும் திருப்பினால், பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் 0.7 கிலோபாஸ்கல் என்று காட்டியது.

தீபாவளியன்று மதியம் நிபோங் தெபாலிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. முப்பது வருடத்துக்குமேல் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்றும் எதையாவது திறந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. சாப்பாடு முடிந்து முறுக்குத் தட்டோடு வாசலுக்கு வந்தவரிடம் என் கதையைச் சொல்லிக்கொண்டே பானெட்டைத் தூக்கினேன். அவர் சென்சாரைத் தொடவில்லை. அதிலிருந்து வடிகட்டிவரை குழாய்கள் போகும் வழியைக் கண்ணாலேயே இருமுறை அளந்தார். பிறகு கேட்டார்: “ஏன்டா மாப்ளே, கேஜை யாராவது குழாய்க்குக் கீழே தொங்க விடுவானா?”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கியது இதுதான். நீராவிக் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தும்போது, அது குழாயின் துளைக்குக் கீழே இருந்தால், ஆவி குளிர்ந்து தண்ணீராகி இடையில் உள்ள குழாயில் நிற்கும். அந்தத் தண்ணீரின் எடையையும் சேர்த்து மானி காட்டும். பத்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும். பாய்லரில் ஆயிரக்கணக்கான கிலோபாஸ்கலை அளக்கும்போது அது பெரிய பிழையல்ல. அங்கே சூடான ஆவி மானியைத் தாக்காமலிருக்க வேண்டுமென்றே குழாயைப் பன்றிவால்போல வளைத்துத் தண்ணீரைத் தேக்கி வைப்பதும் உண்டு. “ஆனா ஒன்னுக்கும் கீழே அளக்கிற இடத்துல தண்ணி நின்னா கணக்கு என்ன ஆகும்?” என்றார்.

வடிகட்டிக்கு முன்புறமிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்திச் சென்சாரிலிருந்து உருவினேன். கரி கலந்த கறுப்புத் தண்ணீர், ஒரு தேக்கரண்டி இருக்கும், என் உள்ளங்கையில் வழிந்தது, புளித்த நெடி. கைபேசியைப் பார்த்தேன். 0.7 என்று இருந்த எண் 0.3-க்கு இறங்கியிருந்தது. அதாவது 0.4 கிலோபாஸ்கல் வெறும் தண்ணீரின் எடை, கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர் உயரம். என் வண்டி சூடான பிறகு சும்மா நின்று ஓடும்போது ஒழுங்கான சென்சார் காட்டுவதே ஏறத்தாழ 0.5 கிலோபாஸ்கல்தான். குழாயே இல்லாமல் இன்னும் மிஞ்சி நின்ற அந்த 0.3, சவ்வு நிரந்தரமாகக் கெட்டுப்போனதன் அடையாளம்.

நான் மழைத் தண்ணீர் என்றேன். மாமா சிரித்தார். அது வானத்திலிருந்து வந்த தண்ணீர் அல்ல, டீசலிலிருந்து வந்தது. டீசலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே போகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் எல்லாம் சூடாக இருப்பதால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். என்னைப்போல ஐந்து கிலோமீட்டர் ஓடி நிறுத்துபவனின் வண்டியில், ஆறிய குழாய்ச் சுவரில் அது படிந்து சொட்டும். மழை பெய்த இரவுகளில் இன்னும் விரைவாக ஆறும். மழையின்மீது என் சந்தேகம் விழுந்தது அதனால்தான். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் சிறிதளவு கந்தக ஆக்சைடும் அந்தத் தண்ணீரில் கரைவதால் அது அமிலமாகவும் இருக்கும். 2021 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கப்படும் யூரோ 5 டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்குமேல் இருக்கக் கூடாது. பழைய யூரோ 2எம் டீசலில் அது 500 வரை இருக்கலாம். பழைய டீசலாக இருந்திருந்தால் என் சென்சார் ஐந்து மாதம்கூடத் தாங்கியிருக்காதோ என்னவோ.

சென்சார் அதன் பழைய இடத்தில், எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடைப்பட்ட தகட்டின் மேற்பகுதியில் இருந்திருந்தால், இரண்டு குழாய்களும் அதிலிருந்து கீழ்நோக்கியே இறங்கியிருக்கும். உள்ளே படியும் ஒவ்வொரு துளியும் தானாகவே வடிந்து புகைக்குழாய்க்குப் போய்ச் சூட்டில் ஆவியாகியிருக்கும். வண்டியை வடிவமைத்தவர்கள் அதை யோசித்துத்தான் அங்கே வைத்திருந்தார்கள். இப்போது அது ஒரு சாண் கீழே, கம்பித் தொகுப்போடு சேர்த்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி கட்டப்பட்டிருந்தது. கட்டியிருந்தது கறுப்பு நிறக் கேபிள் டை, கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை, 4.8 மில்லிமீட்டர் அகலம்.

அந்தக் கேபிள் டை என்னுடையது.

2023 டிசம்பரில் போல்ட் முறிந்தபோது, அதைத் துளையிட்டு எடுக்க அரை நாள் ஆகும் என்று பட்டறைக்காரர் தயங்கினார். பிற்பகல் எனக்கு ஒரு வீட்டில் வேலை இருந்தது. “இதை வைத்துக் கட்டிவிடுங்கள், நன்றாகப் பிடிக்கும்” என்று என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். கைவிளக்கையும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கம்பியைக் கட்டுபவனின் கண்ணுக்கு அது அசையாமல், அழகாக, தொகுப்போடு ஒட்டி நின்றது. குழாய்க்கு மேல், கீழ் என்று ஒன்று உண்டு என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பத்து மாதமாக இரண்டு பட்டறைகளையும் ஒரு தொழிற்சாலையையும் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தவன், முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் பிசுக்கு ஒட்டிய அந்த டையை மட்டும் விரலால் ஒருமுறை சுண்டினார்.

சரிசெய்தது எளிது. தீபாவளி விடுமுறை முடிந்ததும் முதல் பட்டறைக்கே போய், முறிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுக்கச் சொல்லி, தாங்கியைப் பழைய இடத்தில் பொருத்தினோம். இரண்டு ரப்பர் குழாய்களும் சூட்டில் இறுகி முனையில் வெடிப்பு விட்டிருந்தன. இவை எண்ணெயும் வெப்பமும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும் என்பதால் சாதாரணத் தண்ணீர்க் குழாயை வெட்டிப் போட ஒப்புக்கொள்ளவில்லை. முன்பக்கக் குழாயில் வெடிப்பு இருந்தால் அழுத்தம் கசிந்து, கரி நிறைந்திருந்தாலும் குறைவாகவே காட்டும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் எண் பூச்சியத்துக்குக் கீழே போகும். கழற்றும் முன் ஒன்றில் வெள்ளை நாடா சுற்றிவைப்பது நல்லது. புகைக்குழாயோடு சேரும் உலோகக் குழாய்களின் உள்ளேயும் கரி அடைத்திருந்தது. மெல்லிய கம்பி விட்டுத் துடைத்தோம். புதிய சென்சாரைப் பொருத்தி, ஸ்கேனரின் மூலம் பழைய சென்சாரைப் பற்றிக் கணினி கற்று வைத்திருந்ததை அழித்தோம். பட்டறைக்காரர் கூலி வாங்க மறுத்தார். நானும் வற்புறுத்திக் கொடுத்துவிட்டேன். கேபிள் டையைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

குறியீட்டை அழித்து அழித்து ஓட்டிய அந்த இரண்டு வாரத்துக்கான வட்டியும் இருந்தது. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தபோது எண்ணெய் மேல்வரம்பைத் தாண்டி நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை. கரியை எரிக்கக் கணினி கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு, எரிப்பு பாதியில் நின்ற ஒவ்வொரு முறையும், சிலிண்டர் சுவர் வழியாக எண்ணெயில் இறங்கியிருக்கிறது. நம் டீசலில் கலந்திருக்கும் செம்பனை பயோடீசல் எளிதில் ஆவியாகாது என்பதால், இறங்கியது இறங்கியதுதான். நீர்த்த எண்ணெயில் எஞ்சினை ஓட்டுவது டர்போவுக்கும் பேரிங்குகளுக்கும் கேடு. சாம்பல் குறைவாக உண்டாக்கும், வடிகட்டி உள்ள வண்டிக்கென்றே விற்கும் எண்ணெயை மாற்றினேன். கரி எரிந்துவிடும், ஆனால் எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும் என்பதால் இதில் மலிவு பார்க்கக் கூடாது.

பிறகு ஓர் இரவு பத்து மணிக்கு, வண்டியை ஜூருவில் நெடுஞ்சாலையில் ஏற்றித் தெற்கே தைப்பிங் நோக்கி ஓட்டினேன். மாமாவும் உடன் வந்தார். நிபோங் தெபாலில் இறக்கிவிடுவதாகப் பேச்சு, அவரோ முழுவதையும் பார்க்காமல் இறங்கமாட்டேன் என்றார். கைபேசியில் எண்களை அவர் படித்துக்கொண்டே வந்தார். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 6-க்குமேல் இருந்த அழுத்த வேறுபாடு, பண்டார் பாருவைத் தாண்டிய சற்று நேரத்தில் வடிகட்டியின் வெப்பம் 600-ஐத் தொட்டபின் இறங்கத் தொடங்கியது. “அஞ்சு... நாலரை... நாலு” என்று பாய்லர் அறையில் குரல் கொடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபது நிமிடத்தில் 2-க்கு வந்து நின்றது. தைப்பிங்கில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், தேத்தாரே (இழுத்து ஆற்றிய டீ) குடித்துவிட்டுத் திரும்பினோம்.

இதை எழுதும் இன்று, அந்தச் சென்சாரைப் பொருத்திப் பதினான்கு மாதம் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை, எஞ்சினைத் தொடங்காமல் சாவியை மட்டும் திருப்பிக் கைபேசியைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போன ஞாயிறும் பூச்சியம்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு சுங்கைப்பட்டாணிவரை நெடுஞ்சாலையில் போய் வருகிறேன். அங்கே ஒரு கடையில் தோசை நன்றாக இருக்கும் என்பதும் காரணங்களில் ஒன்று. அந்தக் கேபிள் டை என் கருவிப்பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறது. உதவிக்கு வரும் தம்பி அது ஏன் அங்கே இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். நீளமான கதை, பிறகு சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.